நடிப்புத்தானே என்று சொல்லாதீர்கள்!

"சும்மா நடிக்காதே!"

"அழுது நாடகம் ஆடுகிறாள்!"

"கூத்தாடிப் பயலுக்குப் பெண் கொடுப்பதா?"

நம் வீடுகளில் நாள்தோறும் புழங்குகிற பேச்சுத்தான் இது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவனுக்கும் வாய் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கும் 'நடிகன்' என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஆனால், அதே நாம்தான் திரையில் சிவாஜி கணேசன் கண் கலங்கினால் துண்டால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறோம். நாகேஷ் தடுக்கி விழுந்தால் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். நம்மை அழவும் சிரிக்கவும் வைத்த அந்தத் தொழிலை 'சும்மா' என்று தள்ளிவிடுவது நியாயமா? அது எவ்வளவு கடினமான வேலை என்பதை ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

வாருங்கள், கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

வெறுந்தம்ளரில் ஒரு சோதனை

இன்று மாலை உங்கள் வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். காசு செலவில்லை. ஒரு வெறுந்தம்ளரை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் ஆவி பறக்கும் தேநீர் இருப்பதாக எண்ணிக் கொண்டு, வீட்டார் எல்லாரும் பார்க்க அதைக் குடித்துக் காட்டுங்கள்.

என்ன ஆயிற்று? தம்ளர் அந்தரத்தில் சட்டென்று மேலே போயிருக்கும். நிறைந்த தம்ளருக்குக் கனம் உண்டு. கை அதை மறந்துவிட்டது. சூட்டுக்கு விரல் கூசவில்லை. ஊதியது வாய் மட்டும்தான்; கண் ஆவியைப் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டீர்கள். தொண்டை விழுங்கவே இல்லை. பார்த்துக் கொண்டிருந்த சின்னப் பிள்ளைகூட, "அதில் ஒன்றுமில்லை!" என்று கைகொட்டிச் சிரித்திருக்கும்.

பிறந்தது முதல் ஆயிரக்கணக்கான முறை தேநீர் குடித்திருக்கிறோம். ஆனாலும், நாலு பேர் பார்க்க இல்லாத தேநீரைக் குடிக்கச் சொன்னால் கைக்கும் வாய்க்கும் வழி தெரிவதில்லை. ஒரு வாய்த் தேநீருக்கே இந்தப் பாடு என்றால், இல்லாத தாயை நினைத்து அழுவதும், இல்லாத பகைவனைக் கண்டு கொதிப்பதும் எத்தனை பாடு!

அழுகை எல்லாருக்கும் வரும். ஆனால், இந்த நிமிடத்தில் அழு, இந்தச் சொல்லில் தொடங்கு, இந்த அளவுக்கு மேல் போகாதே, நாளைக்கும் இதே போல அழு என்றால் யாருக்கு வரும்? அதுதான் நடிகனின் வேலை.

பாய்ஸ் கம்பெனி என்னும் பட்டறை

தமிழ் நாடக உலகில் இந்த வேலையைக் கற்றுக் கொடுத்த பட்டறைகள் ஒரு காலத்தில் இருந்தன. சிறுவர்களை மட்டும் சேர்த்து நடத்திய அந்தக் குழுக்களை 'பாய்ஸ் கம்பெனி' என்பார்கள்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அப்படியொரு குழுவை 1918ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கினார். அதில் சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் தி.க.சண்முகம். அப்போது அவருக்கு வயது ஆறு! பிற்காலத்தில் ஔவையாராக மேடையேறிப் புகழ் பெற்று, 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டவர். அந்தச் சிறுவனுக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் இன்றும் வியந்து சொல்வார்கள்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை பஞ்சணை வாழ்க்கை அன்று. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பெற்றோரைப் பிரிந்து, ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். விடியற்காலையில் எழுந்து குரல் சாதகம். பிறகு பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை. தவறினால் ஆசிரியரின் பிரம்பு பேசும். அன்று ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்க வேண்டும். கத்தினால் தொண்டை கட்டிவிடும். கத்தாமல் கேட்க வைக்க வேண்டும். அதற்கு அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, அளந்து செலவிடப் பழக வேண்டும். பெண் வேடமும் சிறுவர்களுக்கே. சேலை கட்டினால் போதுமா? நடை, இடுப்பு, விரல், பார்வை எல்லாம் மாற வேண்டும்.

இந்தப் பட்டறையில் சின்ன வயதிலேயே போய் விழுந்தவர்தான் வி.சி.கணேசன். பெண் வேடங்களும் கட்டியிருக்கிறார். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்' நாடகத்தில் அவர் சிவாஜியாக நடித்ததைப் பார்த்த பெரியார், அவரைச் 'சிவாஜி' கணேசன் என்றார். அந்தப் பெயரே நிலைத்தது.

1952இல் 'பராசக்தி' வந்தபோது, புது நடிகர் ஒரே படத்தில் உச்சிக்குப் போய்விட்டார் என்று ஊரெல்லாம் பேசிக் கொண்டது. புது நடிகரா? பல ஆண்டுகள் மேடையில் வெந்தவர் அவர். அப்படியிருந்தும், படப்பிடிப்புத் தொடங்கிய பிறகு, "ஒல்லியாக இருக்கிறார், வேறு ஒருவரைப் போடலாமா?" என்ற பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் விடாப்பிடியாக நின்றதால்தான் அந்த வாய்ப்பு கை நழுவாமல் இருந்தது. நீதிமன்றக் காட்சியில் கலைஞர் மு.கருணாநிதியின் நீண்ட வசனத்தை மூச்சு முட்டாமல், சொல் சிதையாமல் அவர் பேசியதைக் கேட்டோமே, அது ஒரு நாளில் வந்த வித்தை அன்று. பாய்ஸ் கம்பெனி விடியற்காலைகள் கொடுத்த வித்தை.

பார்வைதான் முதல் பாடம்

நல்ல நடிகன் முதலில் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவன். சந்தையில் பேரம் பேசுகிறவள் இடுப்பில் கை வைப்பது எப்போது? குடித்துவிட்டு வருகிறவன் எதை மறைக்கப் பார்க்கிறான்? உற்றுக் கவனித்தால் தெரியும்: குடிகாரன் தள்ளாட விரும்புவதில்லை, தள்ளாடாமல் நடக்கத்தான் பாடுபடுகிறான். அதைப் பார்க்காத நடிகன் வேண்டுமென்றே தள்ளாடுவான். நமக்கு அது பொய்யாகத் தெரிந்துவிடும்.

1967இல் வந்த 'திருவருட்செல்வர்' படத்தில் சிவாஜி அப்பரடிகளாக வந்தார். அந்த முதிய துறவியின் உட்காரும் முறைக்கும் நடைக்கும் காஞ்சிப் பெரியவரையே மாதிரியாகக் கொண்டார். நாற்பதை எட்டாத ஒருவர் உடம்பை ஒடுக்கி, எலும்பும் தோலுமான முதுமையை வரவழைத்ததைப் பார்த்து வியந்தோம். வியப்புக்குப் பின்னால் இருந்தது பார்வை.

ஆச்சி மனோரமாவையும் நினைத்துப் பாருங்கள். நாடக மேடையில் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். சென்னைக் கடைத்தெருவின் பேச்சும் அவர் வாயில் வரும். கிராமத்துக் கிழவியின் இழுப்பும் வரும். காதால் பார்த்தவர் அவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

உளி எவ்வளவு ஆழம் போகலாம்?

நம் மூத்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். பால்மரம் வெட்டிய கை அவர்களுடையது. உளி மேலாகப் போனால் பால் வடியாது. மங்கு காய்ந்து கிடக்கும். ஆழமாகப் போனாலோ மரம் காயப்படும். பிறகு பட்டை முண்டு கட்டி அந்த இடம் பாழாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நகத்தின் கனம்கூட இருக்காது. பொழுது விடியும் முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் 400, 500 மரங்களில் அந்த அளவு தவறாமல் வெட்டினார்களே, அது படித்து வந்ததா? கைக்குள்ளேயே ஊறிய அளவு அது.

நடிப்பும் அளவுதான். குறைந்தால் உணர்ச்சி வடியாது. மிஞ்சினால் காட்சி காயப்படும்.

அந்த அளவும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதே நடிகனுக்கு வந்த பெருஞ்சோதனை. மேடையில் முகத்தின் துடிப்பு கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். ஆகவே பெரிதாகச் செய்ய வேண்டும். கேமராவோ முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கிறது. திரையில் ஒரு முகம் வீட்டுச் சுவர் அளவுக்கு விரிகிறது. இமை ஒருமுறை துடித்தால், அதுவே ஒரு வசனம்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதலில் மேடை நாடகமாகப் பலமுறை நடத்தப்பட்டு, 1959இல் படமானது. அந்த நடிப்புக்காகக் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் 1960இல் சிவாஜி சிறந்த நடிகரானார். அதே சிவாஜியை 1985இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் பாருங்கள். குரல் ஏறவில்லை, கை வீசவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரின் அடக்கி வைத்த ஏக்கத்தைக் கண்ணாலேயே சொல்லிவிட்டார். சிங்கமாக முழங்கிய தொண்டை அமைதியாக இருக்கக் கற்றுக் கொண்டதே, அதற்கு எத்தனை ஆண்டு உழைப்பு!

முன்னுக்குப் பின்னாக ஓர் அழுகை

படப்பிடிப்பில் கதை வரிசையாக எடுக்கப்படுவதில்லை. ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகளையெல்லாம் ஒரே சமயத்தில் எடுத்து முடிப்பார்கள். காலையில் மகன் சாவுக்கு அழ வேண்டும். மதியச் சோற்றுக்குப் பிறகு அதே மகன் பிறந்ததற்கு மகிழ வேண்டும். அழுகையின் நடுவில் விளக்கு சரியில்லை என்று நிறுத்துவார்கள். ஒரு மணி நேரம் கழித்து, "விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்!" என்பார்கள். கண்ணில் கிளிசரின் போட்டால் தண்ணீர் வரும், துக்கம் வருமா? அதை நடிகர்தான் கொண்டு வர வேண்டும். தரையில் கோடு கிழித்திருப்பார்கள். துக்கம் தலைக்கு ஏறிய நிலையிலும் அந்தக் கோட்டில்தான் வந்து நிற்க வேண்டும். ஓரடி தள்ளினால் முகம் இருட்டில் போய்விடும்.

இரட்டை வேடம் என்றால் இன்னும் சிக்கல். பிலிம் சுருளில் படமெடுத்த காலத்தில் கேமராவின் கண்ணில் பாதியை மறைத்து ஒரு பக்கத்தை மட்டும் எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியைத் திறந்து, வேறு வேடத்தில் அதே நடிகரை எடுப்பார்கள். எதிரில் ஆள் கிடையாது. வெற்றிடத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டும். தான் இனிப் பேசப் போகும் பதிலுக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதையும் மனக்கணக்காக வைத்திருக்க வேண்டும்.

இதற்குத் தமிழ்நாடு வரை போக வேண்டாம். நம் பினாங்கில் பிறந்த பி.ரம்லி இருக்கிறாரே! தமிழரான இயக்குநர் எல்.கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த 'அனாக்கு சஸாலி' படத்தில் ரம்லி தந்தையாகவும் மகனாகவும் நடித்தார். செல்லம் கொடுத்துக் கெடுத்த மகன் தீயவனாகிவிட, தந்தையே அவனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கிற கதை. அப்போது ரம்லிக்கு வயது 27. தளர்ந்த தந்தையின் நெஞ்சு வெடிப்பும், திமிர் பிடித்த மகனின் இளக்காரமும் ஒரே உடம்பிலிருந்து வந்தன. 1957இல் டோக்கியோவில் நடந்த ஆசியப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, மொழி எதுவானால் என்ன, பெற்ற மனம் ஒன்றுதான் என்று கண் கலங்கிய தமிழ்த் தாய்மார்கள் நம்மில் உண்டு.

சிரிக்க வைப்பதும் வெறுக்க வைப்பதும்

நகைச்சுவையைப் பலர் இளைத்த வேலை என்று எண்ணுகிறார்கள். துக்கக் காட்சியில் நடிகர் கொஞ்சம் தவறினாலும் கதை தாங்கிக் கொள்ளும். சிரிப்பில் கண் இமைக்கும் நேரம் பிந்தினாலும் கொட்டகை மௌனமாகிவிடும். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷின் தருமியைப் பாருங்கள். பசி, ஆசை, பயம், புலவனுக்குரிய வீம்பு நான்கும் ஒரே ஆளிடம் மாறி மாறி ஓடுகின்றன. எதிரில் சிவபெருமானாகச் சிவாஜி! அவர் முன் நின்றும் காட்சியைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டார் அந்த ஒல்லி மனிதர். முந்திய ஆண்டு வந்த 'சர்வர் சுந்தர'த்தில் ஓட்டல் பணியாள் நடிகனாகும் கதையில் நடித்து, சிரிப்புக்கு அடியில் இருக்கும் அழுகையையும் காட்டியிருந்தார்.

வில்லனுக்கோ வேறொரு தண்டனை. நன்றாக நடித்தால் திட்டுதான் பரிசு. எம்.என்.நம்பியாரைச் சபிக்காத தாய்மார் யார்? நவாப் ராஜமாணிக்கத்தின் பாய்ஸ் கம்பெனியில் பழகி வந்தவர் அவர். திரைக்கு வெளியே மது தொடாத, மரக்கறி உண்ட, ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்டுச் சென்ற குருசாமி. எம்.ஆர்.ராதாவோ மேடையில் பலகாலம் நடத்திய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை 1954இல் திரைக்குக் கொண்டு வந்தார். அழகும் செல்வமும் நிறைந்த ஆணவக்காரன் தொழுநோயாளியாகக் குறுகிப் போவதை அவர் காட்டினார். பார்ப்பவர் முதலில் வெறுத்து, பிறகு இரங்கி, கடைசியில் தம்மையே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அளவை அவர் தவறவிடவில்லை.

பெண்களுக்கு இத்தனை சிரமங்களோடு ஊர்வாயும் சேர்ந்து கொண்டது. நடிக்கப் போகிறவள் என்றாலே இளக்காரமாகப் பேசிய காலத்தில், கே.பி.சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமே ஏற்று நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! ஊர்வாயை அடைத்தது அவருடைய குரலும் தொழிலும்தான்.

நம் தோட்டத்து மேடை

இவ்வளவும் பெரியவர்கள் கதை. நம் தோட்டங்களிலும் நடிகர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

திருவிழா நெருங்கினால் கோயில் திடலில் ஒத்திகை தொடங்கிவிடும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பகலெல்லாம் மரம் வெட்டி, பால் சுமந்து, இரவில் வந்து வசனம் படிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்ட, கேட்டே மனப்பாடம் செய்வார். மீசையை மழித்துவிட்டு ஒருவர் சந்திரமதியாவார். சுடுகாட்டில் பிள்ளையை மடியில் போட்டு அவர் ஒப்பாரி வைத்தால், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் தேம்பித் தேம்பி அழுவார்கள். மறுநாள் அதிகாலையில் காதோரம் அரிதாரம் கலையாமல் அந்தச் 'சந்திரமதி' உளியோடு வேலைக்காட்டில் நிற்பார். கூலி கிடையாது, கைத்தட்டல்தான் கூலி.

அவர்களையும் நாம் கூத்தாடி என்றுதான் சொன்னோம்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் போனார்கள். மேடைகளும் மறைந்தன. ஆனால், அந்த வாழ்க்கையை வைத்தே நம் பிள்ளைகள் படமெடுத்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதையைச் சொன்ன 'ஜகாட்' 2015இல் வெளிவந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகவும் தேர்வு பெற்றது. நம் பேச்சும் நம் வீடும் திரைக்கு உகந்தவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள், "நான் நடிக்கப் போகிறேன்" என்று சொல்லலாம். மகனாக இருந்தால் சிரிப்போம். மகளாக இருந்தால் அடிக்கக் கை ஓங்குவோம். இரண்டும் வேண்டாம். கண்ணாடி முன் நின்று தலை வாருவதை நடிப்பு என்று பிள்ளை எண்ணிக் கொண்டிருந்தால், அந்த எண்ணத்தைத் திருத்துங்கள். இது தொழில் என்று சொல்லுங்கள். தமிழைப் பிழையில்லாமல் வாய்விட்டு வாசிக்கட்டும். ல, ள, ழ மூன்றும் நாவில் பிரியட்டும். உடம்பையும் மூச்சையும் பழக்கட்டும். வீட்டுப் பாட்டி எப்படி எழுந்திருக்கிறாள் என்று உற்றுப் பார்க்கட்டும். பள்ளிப் படிப்பை மட்டும் விட வேண்டாம். நடிப்பில் வருமானம் மழையைப் போல, வந்தால் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "படத்தில் வாய்ப்பு வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பி விடுங்கள். வேலை கொடுப்பவன் கூலி கொடுப்பான். கூலி கேட்க மாட்டான். பெண் பிள்ளையை ஒத்திகைக்கு அனுப்பினால் வீட்டார் ஒருவர் கூடப் போங்கள்.

அடுத்த முறை தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ராஜா வேடம் கட்டிய பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்தில் ஈட்டி பிடித்து நிற்கும் காவல்காரப் பிள்ளையைப் பாருங்கள். அவனுக்கு வசனம் இல்லை. ராஜா பேசுவதைக் கேட்டுக் கொண்டு நிற்பதுதான் அவன் வேலை. அம்மா எங்கே என்று கூட்டத்தில் தேடாமல், மூக்கைச் சொறியாமல், ராஜாவின் துக்கத்தை முதல் முறை கேட்பது போல அந்தப் பிள்ளை நின்றான் என்றால், அவனிடம் தொழில் இருக்கிறது.

விழா முடிந்ததும் அவனைத் தேடிப் போய், "நன்றாக நடித்தாய், தம்பி" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.